பிரித்துப் பார்த்துப் படித்த மேதை ஜி. டி. நாயுடு

மோட்டார் வண்டி ஓடுவதை எல்லோரும் பார்க்கிறோம். அது எப்படி ஓடுகிறது என்று கேட்பவர்கள் சிலர்தான். கேட்பவர்களிலும், அதைப் பிரித்துப் பார்த்தே தீருவது என்று துணிகிறவர் ஆயிரத்தில் ஒருவர். பிரித்ததைத் திரும்பவும் பூட்டி ஓட வைக்கிறவர் லட்சத்தில் ஒருவர்.

அந்த லட்சத்தில் ஒருவர்தான் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு.

அவர் படித்தது ஆரம்பப் பள்ளிப் படிப்பு மட்டுமே. ஹோட்டலில் சாப்பாடு பரிமாறியவர். ஆனால், நூற்றுக்கணக்கான பஸ்களுக்கு அதிபதி ஆனார். பொறியியல் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார்! இந்த அதிசயம் எப்படி நடந்தது?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள்.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893ஆம் ஆண்டு மார்ச் 23ந் தேதி துரைசாமி பிறந்தார். தந்தை பெயர் கோபால்சாமி நாயுடு. விவசாயக் குடும்பம். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்துவிட்டார்.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஆனால், பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிவிட்டான் என்று கூட ஒரு கதை சொல்வார்கள். படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. பையன் தோட்ட வேலைக்கு வந்தான்.

ஊரார் என்ன நினைத்திருப்பார்கள்? இவன் உருப்படமாட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள். இன்றைக்கும் படிக்காத பிள்ளையைப் பற்றி நாம் அப்படித்தானே பேசுகிறோம்?

ஒரு நாள் ஆங்கிலேய ரெவின்யூ அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். அது ரட்ஜ் என்ற கம்பெனியின் வண்டி. இங்கிலாந்தில், கவென்ட்ரி என்ற நகரத்தில் செய்தது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே ஓடிய ரஸ்தாவில், இழுப்பதற்கு மாடோ குதிரையோ இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடியது!

மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். துரைசாமிக்கு மட்டும் அந்த வண்டி மனத்தை விட்டுப் போகவில்லை. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? எது அதைத் தள்ளுகிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில்லை என்று முடிவு செய்தார்.

பரிமாறிச் சேர்த்த பணம்

வண்டியை வாங்கப் பணம் வேண்டும். வீட்டில் கேட்டால் கிடைக்குமா? துரைசாமி கோயம்புத்தூருக்குப் போனார். ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார். சம்பளத்தைச் செலவழிக்காமல் அணா அணாவாகச் சேர்த்தார்.

ஏறத்தாழ மூன்று வருஷம் இப்படிக் கழிந்தது. சுமார் 300 ரூபாய் சேர்ந்தது என்பார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கிவிட்டார்.

வேறொரு வாலிபராக இருந்தால் என்ன செய்திருப்பார்? புது மாப்பிள்ளை போல் ஊரைச் சுற்றி வந்திருப்பார். துரைசாமி அப்படிச் செய்யவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துப் பார்த்தார். பிறகு திரும்பப் பூட்டினார். பிரித்தார், பூட்டினார். அந்த வண்டிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். அந்த வண்டிதான் அவருக்கு வாத்தியார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிரிப்பது சுலபம். சுத்தியலும் திருப்புளியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். பூட்டுவதுதான் கஷ்டம். பூட்டிய பிறகு ஓட வைப்பது அதைவிடக் கஷ்டம். ஏனென்றால், எல்லாத் திருகையும் சரியாக முடுக்கிய பிறகும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. அந்தப் பரீட்சைக்குப் பெயர் கார்புரேட்டர்.

பொன்னேரியும் கார்புரேட்டரும்

கார்புரேட்டர் என்றால் என்ன?

அரியலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கங்கைகொண்ட சோழபுரத்தை அவர்களுக்குத் தெரியும். கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திர சோழன் அங்கே ஒரு பெரிய ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று அதற்குப் பெயர். இன்று பொன்னேரி என்கிறார்கள். ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தண்ணீரை அப்படியே வயலில் கொட்டிவிட முடியுமா? மதகு வேண்டும். மதகைத் திறக்கும் அளவு தெரியவேண்டும். தண்ணீர் மிஞ்சினால் பயிர் அழுகும், குறைந்தால் காயும்.

மோட்டார் வண்டியில் பெட்ரோல் டாங்கிதான் ஏரி. எஞ்சின்தான் வயல். நடுவில் நிற்கும் மதகுதான் கார்புரேட்டர்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் சரியாக எரியாது. அதைப் பனித் துளி போல் பொடியாக்கிக் காற்றோடு கலக்கவேண்டும். அந்தக் கலவையில்தான் மின்பொறி பட்டு வெடிப்பு உண்டாகிறது. வெடிப்பு பிஸ்டனைத் தள்ளுகிறது, சக்கரம் சுழல்கிறது.

கலவைக்கு அளவு உண்டு. எடையில் பார்த்தால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். கொள்ளளவில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிவதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை! மோட்டார் வண்டி குடிப்பது பெட்ரோல் என்று நினைக்கிறோம். உண்மையில் அது அதிகம் குடிப்பது காற்றைத்தான்.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. டாங்கியிலிருந்து வரும் பெட்ரோல் அதில் தங்கும். கிண்ணத்தில் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் மிதவை உயர்ந்து வழியை அடைக்கும். மட்டம் குறைந்தால் மிதவை இறங்கி வழியைத் திறக்கும். ஆள் இல்லாமலே மதகு திறந்து மூடுகிறது!

கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வெளியேற ஊசி முனை போன்ற துளை ஒன்று உண்டு. அதற்கு ஜெட் என்று பெயர். ஜெட்டுக்கு மேலே காற்றுக் குழாய் இடுப்புச் சிறுத்தாற்போல் குறுகியிருக்கும். குறுகிய சந்தில் காற்று வேகமாக வீசும் அல்லவா? அதைப் போல் இங்கேயும் காற்று விரைகிறது. விரையும் காற்று பெட்ரோலை உறிஞ்சித் தூவானமாக அடித்துக்கொண்டு போகிறது.

இவ்வளவுதான் கார்புரேட்டர். உள்ளங்கையில் அடங்கும் சாமான். ஆனால், அதைச் சரிப்படுத்துவது ஒரு கலை.

காதால் கேட்டுச் செய்யும் வைத்தியம்

பெட்ரோல் அதிகமானால் வண்டி கரும் புகை கக்கும். எஞ்சினின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி போல் கறுத்திருக்கும். பெட்ரோல் செலவு ஏறும். ஓட்டம் மந்தமாக இருக்கும்.

பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் இருமும், படபடவென்று வெடிக்கும். பிளக் வெளுத்துப் போகும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே உருகிப்போகலாம்.

அளவு சரியாக இருந்தால் பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். நாடி பார்த்து நோய் சொல்லும் வைத்தியரைப் போல், கெட்டிக்கார மெக்கானிக் பிளக்கைப் பார்த்தே எஞ்சினின் நலத்தைச் சொல்லிவிடுவார்.

சரி, அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றவேண்டும். பிறகு கலவைத் திருகை மெல்ல மெல்ல முடுக்கவேண்டும். எஞ்சின் தடுமாறும் இடம் வரும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தளர்த்தவேண்டும். மறுபடியும் வேறு விதமாகத் தடுமாறும் இடம் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் சீராக, இனிமையாகப் பாடும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே திருகை நிறுத்தவேண்டும். கால் சுற்று கூடினாலும் குறைந்தாலும் பாட்டு கெட்டுவிடும்!

சில கார்களில் இரண்டு கார்புரேட்டர்கள் இருக்கும். அப்போது வேலை இரட்டிப்பு. ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகள் ஒரே நடை நடக்கவேண்டாமா? ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வண்டி கோணும். அதுபோல் இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். இதற்குப் பழைய மெக்கானிக்குகள் ஒரு சின்ன ரப்பர்க் குழாயைப் பயன்படுத்துவார்கள். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்துக் காற்றின் சீறலைக் கேட்பார்கள். இரண்டு சீறலும் ஒன்று போல் கேட்கும் வரை திருகுவார்கள்.

பழைய காரின் எஞ்சினை மாற்றிப் பெரிதாக்கியவர்களுக்கு இந்த வேலை இன்னும் அதிகம். சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தினால் எஞ்சினின் மூச்சுப் பெரிதாகிறது. பழைய ஜெட் அதற்குப் போதாது. பெரிய ஜெட் போடவேண்டும், ஓட்டிப் பார்க்கவேண்டும், பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். சரியில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நாள் கணக்கில் பொறுமை வேண்டும்.

துரைசாமி காலத்து மோட்டார் சைக்கிள்களில் சிரமம் அதைவிட அதிகம். காற்றுக்கு ஒரு கைப்பிடி, கலவைக்கு ஒரு கைப்பிடி என்று தனித்தனியாக இருக்கும். மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஓட்டுகிறவரே அளவை மாற்றிக்கொண்டு வரவேண்டும். எஞ்சினின் சத்தத்தைக் கேட்காதவர் அந்த வண்டியை ஒரு மைல் கூட ஓட்டமுடியாது.

எஞ்சினிடம் சிபாரிசு செல்லாது. சர்ட்டிபிகேட் செல்லாது. அளவு சரியாக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். இந்தப் பாடத்தைத்தான் துரைசாமி தமது வாலிபப் பருவத்திலேயே கற்றார்.

அளவு தப்பிய வியாபாரம்

மெக்கானிக் வேலை கைக்கு வந்தது. ஆனால், துரைசாமிக்கு ஓரிடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழிற்சாலை வைத்தார்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பருத்தி விலை ஏறியது. துரைசாமி கையில் பணம் புரண்டது. ஹோட்டலில் பரிமாறிய வாலிபர் பணக்காரர் ஆனார்.

அத்தோடு நின்றாரா? இல்லை. பம்பாய்க்குப் போனார். அங்கே பெரிய பெரிய பருத்தி வியாபாரிகளோடு போட்டி போட்டார். வந்தது நஷ்டம். சேர்த்த செல்வம் எல்லாம் போயிற்று. வெறுங்கையோடு கோயம்புத்தூருக்குத் திரும்பினார்.

எஞ்சினுக்கு அளவு கண்டவர், வியாபாரத்தில் அளவு தப்பிவிட்டார். பெட்ரோலை அதிகமாகத் திறந்துவிட்ட வண்டியைப் போல், எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிட்டது.

ஆனால், நின்ற எஞ்சினைப் பார்த்து மெக்கானிக் அழுவதில்லை. பிளக்கைத் துடைப்பான், திருகைச் சரிசெய்வான், மறுபடியும் உதைப்பான். துரைசாமியும் அதைத்தான் செய்தார்.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்று ஓர் ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். காப்பித் தொழிலிலும் ஆலைத் தொழிலிலும் பெயர் பெற்றவர். அவருடைய மோட்டார் கம்பெனியில் துரைசாமி கொஞ்ச காலம் வேலை செய்தார். இந்த வாலிபரிடம் ஏதோ விசேஷம் இருக்கிறது என்பதை ஸ்டேன்ஸ் கண்டுகொண்டார். சொந்தமாக ஒரு பஸ் ஓட்டும்படி யோசனை சொன்னார். பஸ் வாங்கக் கடனும் கொடுத்தார். மீதிப் பணத்தை துரைசாமி நண்பர்களிடம் திரட்டினார்.

1920ஆம் ஆண்டு. பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அந்த பஸ் ஓடத் தொடங்கியது. சுமார் 60 கிலோமீட்டர் தூரம். டிரைவர் வேறு யாருமல்ல, துரைசாமியேதான்!

அந்தக் காலத்து ரஸ்தாவை நினைத்துப் பாருங்கள். தார் இல்லை. ஒரே புழுதி. புழுதி போன பெட்ரோலில் ஒரு சின்னத் தூசி ஜெட்டின் துளையை அடைத்தால் போதும், பஸ் நடுவழியில் நின்றுவிடும். பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களும், சந்தைக்குப் போகிறவர்களும் வெயிலில் இறங்கி நிற்கவேண்டியதுதான். அப்படி நிற்காத பஸ்ஸுக்குத்தான் ஜனங்கள் காசு கொடுப்பார்கள்.

எஞ்சினைப் பிரித்துப் படித்தவர் ஓட்டிய பஸ்ஸுக்கு மதிப்பு வந்தது. ஒரு பஸ் இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயரில் கம்பெனி வளர்ந்தது. யு. எம். எஸ். என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை. 1930களில் அவரிடம் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. அந்தக் காலத்து இந்தியாவில் மிகச் சிறப்பாக நடந்த பஸ் கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்புரேட்டர் சரியில்லாத ஒரு பஸ் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலை வீணாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பஸ் என்றால் ஒரு நாளைக்கு நூறு லிட்டர். ஒரு வருஷத்துக்கு 36,500 லிட்டர்! கால் சுற்றுத் திருகில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா? திருகுக்கு அளவு தெரிந்தவர் பஸ் முதலாளி ஆனால் ஏன் ஜெயிக்கமாட்டார்?

எதையும் விடாத கை

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. கையில் கிடைத்த எதையும் பிரித்துப் பார்த்தார். வெளிநாடுகளுக்குப் போனார், ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். காமிராவும் கையுமாக அலைந்தார். 1936ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம் பிடித்தார்.

பாட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த சவரக் கத்தி ஒன்றைச் செய்தார். அதற்கு ரேசண்ட் என்று பெயர். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி செய்தார். மின்சாரம் இல்லாத கிராமத்தில் விசிறி! பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்யமுடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம், மிக மெல்லிய சவர பிளேடு என்று அவர் செய்தவை பல. 1937ல் கோயம்புத்தூர் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடு மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவில் செய்த முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அந்த முயற்சிக்கும் ஜி. டி. நாயுடு துணை நின்றார்.

தோட்டத்தையும் அவர் விடவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய ரகங்களைக் கண்டார். சர் சி. வி. ராமனும், விஸ்வேஸ்வரய்யாவும் அவருடைய தோட்டத்தை வந்து பார்த்தார்கள். காலையில் அஸ்திவாரம் போட்ட வீட்டை மாலைக்குள் கட்டி முடித்தார் என்று அவருடைய வேகத்துக்கு ஒரு கதையும் உண்டு.

படிக்காதவர் வைத்த கல்லூரி

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவருக்குப் படிப்பின் மேல் வெறுப்பு இருந்ததா? இல்லவே இல்லை. கையால் செய்யாத படிப்பின் மேல்தான் வெறுப்பு.

அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் ஏற்பட்டன. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். அந்தப் பொறியியல் கல்லூரிதான் பிற்காலத்தில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. 1945ல் ஜி. டி. நாயுடுவே அதன் முதல்வராக இருந்தார்.

நான்கு வருஷப் படிப்பு தேவையில்லை. பட்டறையில் கைவைத்துப் பழகினால் இரண்டு வருஷமே போதும் என்பது அவருடைய கட்சி. பிரிட்டிஷ் சர்க்கார் இதை ஏற்கவில்லை. நாயுடு பதவியை உதறிவிட்டு வெளியேறினார்.

யார் சொன்னது சரி? பாலத்தைக் கட்டுகிறவருக்கும் அணையைக் கட்டுகிறவருக்கும் ஏட்டுக் கணக்கும் வேண்டும்தான். இரண்டு வருஷத்தில் எல்லாவற்றையும் கற்றுவிட முடியாது என்று சொல்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால், எஞ்சினைத் தொடாமலே எஞ்சினைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறுகிறவர்களைப் பார்க்கும்போது நாயுடுவின் கோபம் நமக்குப் புரிகிறது.

2,000 ரூபாய்க் கார்

அவருடைய வாழ்க்கையில் பெரிய ஏமாற்றம் 1952ல் வந்தது.

அந்த ஆண்டு ஒரு சின்ன மோட்டார் காரை அவர் செய்து காட்டினார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோல் எஞ்சின். விலை 2,000 ரூபாய்தான்! கார் என்பது ஜமீன்தாருக்கும் கலெக்டருக்கும் மட்டுமே என்றிருந்த காலம் அது. வாத்தியாரும் கடைக்காரரும் காரில் போகலாம் என்று நாயுடு வழி காட்டினார்.

ஆனால், நினைத்தவர் நினைத்தபடி தொழிற்சாலை வைக்க அப்போது முடியாது. 1951ஆம் ஆண்டின் தொழில் சட்டப்படி சர்க்காரின் லைசென்ஸ் வேண்டும். நாட்டில் இருந்த மூலதனமும் அன்னியச் செலாவணியும் சொற்பம். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று சர்க்காரே பிரித்துக் கொடுத்தது. சின்னக் கார் அதில் இடம் பெறவில்லை. லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் நின்றது.

அவர் கார்புரேட்டரின் மதகைச் சரியாகத் திறந்தவர். ஆனால், லைசென்ஸ் என்ற மதகு அவர் கையில் இல்லையே!

வரிச் சுமையும் அவரை வாட்டியது. உழைத்துக் கண்டுபிடிப்பதை வரியாகக் கொடுத்துவிட்டால் மேலே ஆராய்ச்சி செய்வது எப்படி என்று கேட்டார். 1950களில் ஒரு நாள், யாரும் எதிர்பாராத காரியத்தைச் செய்தார். தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றாக உடைத்து நொறுக்கினார்!

பிரித்துப் பார்த்துப் பூட்டிய கை அது. அந்தக் கையே உடைத்தது என்றால் அந்த மனம் எவ்வளவு புண்பட்டிருக்கவேண்டும்! அதனால் சர்க்கார் மனம் மாறிற்றா? மாறவில்லை. நஷ்டம் யாருக்கு? அவருக்கு மட்டும் அல்ல, நாட்டுக்கும்தான். கோபத்துக்கும் ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் புகைதான் வரும்; வண்டி நகராது. அவருடைய வாழ்க்கையைப் புகழ்கிறவர்கள் இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சாமான்யக் குடும்பத்துக்கு ஏற்ற சின்னக் கார் இந்தியாவில் பெருவாரியாக ஓடுவதற்கு 1983ல் மாருதி வரவேண்டியிருந்தது. நாயுடு காரைக் காட்டி 31 ஆண்டுகள் கழித்து!

அவர் விட்டுப்போனது

நாயுடு சோர்ந்து உட்காரவில்லை. 1967ல் கோயம்புத்தூரில் ஒரு தொழிற் கண்காட்சியை ஏற்படுத்தினார். பையன்களும் பெண்களும் வந்து இயந்திரங்களைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ந் தேதி, 80வது வயதில் காலமானார்.

அவர் பெயரில் நடக்கும் அறநிலையம் 2015ல் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் பழைய கார்களுக்கென்றே ஒரு கண்காட்சிசாலையைத் திறந்தது. 2025ல் அதே அவினாசி ரோட்டில் திறந்த பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அவர் வாழ்ந்த ஊரில் மோட்டார் ஆசை அவரோடு போய்விடவில்லை. அதே கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்பவர் மாருதி எஞ்சினைப் பொருத்திப் பந்தயக் கார்கள் செய்தார். பல இளைஞர்கள் அவற்றில் ஓட்டிப் பழகினார்கள். 1995ல் அவர் விமான விபத்தில் மாண்டார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயரே விளங்குகிறது.

இன்று பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் கடுமையானதால், கார்களில் 2000ஆம் ஆண்டையொட்டி அது மறைந்தது. 2020 ஏப்ரலில் புதிய விதி வந்தபோது பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் விடைபெற்றது. இப்போது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் காற்றை அளந்து, பெட்ரோலைத் துல்லியமாகப் பீய்ச்சுகிறது. காது வைத்துக் கேட்கவேண்டிய வேலை இல்லை.

ஆனாலும், பழைய பியட்டையும் அம்பாசடரையும் பிள்ளை போல் வளர்க்கிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்றும் வேலை செய்வது அதே திருப்புளி, அதே காது, அதே கால் சுற்று. கம்ப்யூட்டர் போட்டாலும் கணக்கு மாறவில்லை. ஒரு பங்குக்கு ஏறத்தாழ 15 பங்கு என்ற அளவை விட்டு வெகுதூரம் விலகினால் எந்தப் பெட்ரோல் எஞ்சினும் சரியாக ஓடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் வீட்டிலும் ஒரு துரைசாமி இருக்கலாம். கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருப்பான். மின்விசிறியைக் கழற்றி வைத்திருப்பாள் பெண். உங்களுக்குக் கோபம் வரும். காசு போட்டு வாங்கிய சாமான் அல்லவா?

அடிக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டாயா என்று மட்டும் முதலில் கேளுங்கள். பிறகு, கழற்றிய திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிரித்ததை மறுபடியும் பூட்டி ஓட வைக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பிரிப்பது விளையாட்டு. பூட்டுவதுதான் படிப்பு.